சனிக்கிழமைச் சங்கிலி

“மேடம், செயினைத் தப்பான காலுக்கு மாட்டியிருக்கீங்க” என்றான் பனிமலைப் பாதையின் ராணுவச் சாவடியில் நின்ற கார்ப்பரல்.

நஜ்லா கார்க் கண்ணாடியை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கினாள். கறுப்பு உடை, கறுப்புக் கையுறை, அதற்கு மேல் கல்யாணங்களுக்கு மட்டும் பீரோவை விட்டு வெளியே வரும் ஃபர் கோட், உதட்டில் சிவப்புச் சாயம். புருஷன் போய் முப்பத்தொன்பது நாள்கூட முழுசாக முடியவில்லை, உதட்டுச் சாயம் பூசலாமா என்று காலையில் தங்கை லோரிஸ் கேட்டாள். “இன்னிக்கு ஒரு நாள் பூசலாம்” என்று சொல்லி அவள் வாயை அடைத்திருந்தாள்.

“எந்தக் காலுக்கு?”

“முன்னங்காலுக்கு. இது பின் சக்கரம் தள்ளுற வண்டி. பனியில சறுக்காம இருக்கணும்னா பின் டயர்லதான் செயின் மாட்டணும். இப்படியே மேல போனீங்கன்னா வண்டியோட பின்பக்கம் உங்களுக்கு முன்னாடி ஊர் போய்ச் சேர்ந்துடும்.”

“எனக்குத் தெரியும்” என்றாள் நஜ்லா.

தெரியாது. அறுபத்தொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தைகள் இந்த இரண்டும்தான். எதையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்வதைப் போல அவமானம் உலகத்தில் வேறில்லை என்பது அவள் கட்சி.

“தெரிஞ்சா ஏன்க்கா முன்னால மாட்டச் சொன்னே?” பக்கத்து இருக்கையில் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த லோரிஸ் கேட்டாள். “கீழ செயின் மாட்டின ஆளு பின்பக்கம்தான் போனான். நீதான் ‘மோட்டார் முன்னாடி இருக்கு, என்ன ஏமாத்தப் பாக்குறியா’ன்னு கத்தினே.”

“தோலைக் கீழ துப்பாதே. அவர் வண்டி.”

அந்த ‘அவர்’ நஜ்லாவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. உடனே தன்மேலேயே கோபம் வந்தது. வண்டியைத் திருப்பினாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகும் ரகம், முன்னூறு குதிரைச் சக்தி. துறைமுகச் சுங்க அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற அவள் புருஷன் நசீப், ஓய்வுபெற்ற மறுவாரமே இதை ஓட்டிக்கொண்டு வந்து கடற்கரை ஊரான ஜூனியேயில் வீட்டு வாசலில் நிறுத்தினார். அதுவரை அவர் ஓட்டியது, மேட்டில் ஏறும்போது உள்ளே இருப்பவர்களும் மூச்சுப் பிடிக்க வேண்டிய ஒரு பழைய டப்பா. ஐம்பத்தெட்டு வயதில், வழுக்கைத் தலையில், தொப்பையோடு ஒருவர் இப்படி ஒரு வண்டி வாங்கினால் மனைவி என்ன நினைப்பாள்? நஜ்லாவும் அதையேதான் நினைத்தாள்.

பிறகு சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. பனிக்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமை தவறாமல் நசீப் மலைக்குப் போவார். “ஊர் வீட்டுக் கூரையில பனி ஏறியிருக்கும், தள்ளிட்டு வரேன்” என்பார். வெள்ளிக்கிழமை இரவு தூங்க மாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். காலையில் குளித்து, இரண்டு முறை முகம் மழித்து, மாதா படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புவார். கூரையில் பனி தள்ளப் போகிற எவனாவது இத்தனை பயபக்தியோடு போவானா? சாயங்காலம் மூக்கு சிவந்து, காபி வாசனையோடு திரும்பி வருவார். அன்று ராத்திரி முழுக்க அவளை நேருக்கு நேர் பார்க்க மாட்டார்.

எட்டுப் பனிக்காலம் இப்படி. கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில், மலையில் ஐன் ஜவ்ஸ் கிராமத்தில் இருக்கும் அந்தப் பூர்வீக வீட்டுக்கு அவளைக் கோடையில் மட்டும்தான் அழைத்துப் போயிருக்கிறார். பனியில் ஒரு தடவைகூட இல்லை. போன கோடையில் போய்ப் பார்த்தால் கூரையில் பாதி வீட்டுக்குள்ளே கிடந்தது. பனி பாரம் தாங்காமல் இடிந்ததாம். வாரம் தவறாமல் பனி தள்ளிய கூரை ஏன் இடிகிறது? அன்றைக்கு நஜ்லாவுக்கு உறுதியாகிவிட்டது. மேலே ஒருத்தி இருக்கிறாள்.

கேட்டாளா என்றால், கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே! அதற்குப் பதிலாக சனிக்கிழமை ராத்திரிகளில் வெறும் பருப்புச் சோறு போட்டாள். வேறு ஒன்றும் கிடையாது, தொட்டுக்கொள்ள வெங்காயம்கூடக் கிடையாது. எட்டு வருடம் அந்த மனிதர் அதைச் சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்கு நஜ்லா” என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மலைப்பாதை பனியில் மூடியிருந்ததால் ஊருக்குக் கொண்டுபோக முடியாமல் கடற்கரையிலேயே அடக்கம் செய்தார்கள்.

நாளைக்கு நாற்பதாம் நாள் திருப்பலி. ஊரே வரும். நஜ்லா இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் “என்ன நெஞ்சுரம்!” என்று வியந்துவிட்டுப் போனார்கள்.

“நெஞ்சுரமும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று நேற்றுத் தங்கையிடம் சொன்னாள். “நாளன்னிக்கு நான் முன்வரிசையில நிக்கணும். அழறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியணும் லோரிஸ். வேறொருத்தி புருஷனுக்காக நான் ஏன் அழணும்? என் புருஷன்னா, நான் அழணும். தொண்டைக்குள்ளயே நிக்குது, மேலயும் வரல, கீழயும் போகல.”

திட்டம் எளிமையானது. அதே வண்டி, அதே சனிக்கிழமை, அதே நேரம். ஐன் ஜவ்ஸ் தெருவில் இந்த வண்டிச் சத்தம் கேட்டதும் எவள் வாசலுக்கு ஓடி வருகிறாளோ, அவள்தான். அவள் பார்க்கட்டும் என்றுதான் ஃபர் கோட்டும் உதட்டுச் சாயமும்.

ஆக இப்போது, பனி தொடங்கும் இடத்தில், சாலை ஓரத்தில் சங்கிலிக் குவியலோடு கடை போட்டிருந்த ரிஸ்கல்லாவிடம் வண்டி திரும்பி வந்து நின்றது.

“நான் சொன்னேனே அம்மா” என்றார் ரிஸ்கல்லா, வாயிலிருந்த சிகரெட்டை எடுக்காமல்.

“நீங்க சரியா சொல்லல” என்றாள் நஜ்லா.

அவர் முன் சக்கரங்களிலிருந்து சங்கிலியைக் கழற்றினார். பின்னால் கொண்டுபோய்ச் சுற்றினார். ஒரு சாண் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார், படுத்துப் பார்த்தார், எழுந்து நின்று தலையைச் சொறிந்தார்.

“இந்த மாதிரி வண்டியில முன் டயர் ஒரு அளவு, பின் டயர் ஒரு அளவும்மா. பின்னால அகலம்.”

“அப்ப பெரிய செயின் போடுங்க.”

பெரிய சங்கிலி வந்தது. அது சுற்றளவுக்குப் போதும். ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த சந்துக்குள் போகவில்லை. ரிஸ்கல்லா கையுறையைக் கழற்றி விரலை நுழைத்துக் காட்டினார்.

“பாருங்க, என் சுண்டு விரலே முட்டுது. இவ்வளவு தடிச் செயினைத் திணிச்சா, நாலு சுத்துல உள்ளே இருக்கிற பிரேக் குழாயை அறுத்துடும். அப்புறம் நிக்கவும் முடியாது. இந்த வண்டிக்குன்னே மெல்லிசா ஒரு செயின் வரும்மா. சாம்பல் நிறப் பையில, சின்னதா, நகைப்பெட்டி மாதிரி. வண்டி வெச்சிருக்கிறவங்க யாரும் அது இல்லாம இருக்க மாட்டாங்க. டிக்கியில பாத்தீங்களா?”

நஜ்லாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. லோரிஸ் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

சாம்பல் நிறப் பை இருக்கத்தான் இருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், கடிதம், கைக்குட்டை, ஏதாவது அகப்படுமா என்று டிக்கியைக் குடைந்தபோது அது கிடைத்தது. உள்ளே மெல்லிய சங்கிலி. இது என்ன, எதற்கு என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்காமல், கீழ்வீட்டுக்காரன் நாய் அறுத்துக்கொண்டு ஓடுகிறது என்று புலம்பியதால் அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

“அப்படி ஒண்ணும் இல்ல” என்றாள் ரிஸ்கல்லாவிடம்.

“நாய் நல்லா கட்டுப்பட்டு இருக்கு, அது வரைக்கும் லாபம்” என்று லோரிஸ் வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ரிஸ்கல்லா தன் கூடாரத்துக்குள் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். “துணி உறை. டயருக்குச் சட்டை மாதிரி. ஐரோப்பாவில இப்ப எல்லாரும் இதைத்தான் போடறாங்க. இடமே அடைக்காது.”

வெள்ளை வெளேரென்று இருந்தது அது.

“கறுப்புல இல்லையா?” என்று கேட்டாள் லோரிஸ். “நாங்க துக்கத்துல இருக்கோம்.”

ரிஸ்கல்லா அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கேள்வி நிஜமானதுதான் என்று தெரிந்ததும் “இல்லம்மா” என்றார்.

பின் சக்கரங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி மறுபடி சாவடிக்குப் போனது. கார்ப்பரல் சுற்றி வந்து பார்த்தான். குனிந்தான். தொட்டான்.

“இது என்ன, தலையணை உறையா?”

“ஐரோப்பாவில இதைத்தான் போடறாங்க” என்றாள் நஜ்லா, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவள் போல.

“இருக்கலாம் மேடம். எனக்கு வந்த உத்தரவுல ‘நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, இல்லன்னா செயின் போட்ட வண்டி’ன்னு இருக்கு. துணின்னு ஒரு வார்த்தை இல்ல. மேல நாலு நாளா பனி கொட்டியிருக்கு. இந்தச் சட்டை ரெண்டாவது வளைவுலயே கிழிஞ்சிடும்.”

பின்னால் ஒரு பெரிய ஜீப் வந்து நின்றது. உள்ளே பனிச்சறுக்குப் பலகைகளும் பாட்டும் நாலைந்து இளைஞர்களும். ஓட்டுநர் தலையை நீட்டினான். “அத்தை, எங்க போகணும்? ஐன் ஜவ்ஸா? வழிதான். ஏறிக்குங்க, இறக்கி விடறோம்.”

லோரிஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்கக் கை வைத்தாள்.

“உக்காரு” என்றாள் நஜ்லா.

“அக்கா, சூடா இருக்கும்க்கா உள்ளே...”

“எவன் ஜீப்புலயோ போய் இறங்கினா அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த வண்டி போகணும். இந்தச் சத்தம் கேக்கணும்.” பிறகு ஜீப்பைப் பார்த்து, “நல்லா இருப்பா, நாங்க போய்க்கறோம்” என்றாள். ஜீப் பாட்டோடு மேலேறிப் போயிற்று. லோரிஸ் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது முறை வந்தவர்களைப் பார்த்ததும் ரிஸ்கல்லாவே சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போங்க. ஏப்ரல்ல வாங்க. பாதை சுத்தமா இருக்கும், ஆப்பிள் மரமெல்லாம் பூத்திருக்கும்.”

“நாளைக்கு என் வீட்டுக்காரருக்கு நாப்பதாம் நாள்.”

ரிஸ்கல்லா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, “ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி கொடுக்கட்டும்” என்றார். பிறகு குவியலின் அடியில் தேடி, சின்னக் கார்களுக்குப் போடும் மெல்லிய சங்கிலி நாலை எடுத்தார். இரண்டிரண்டாக இணைத்துக் கம்பியால் முறுக்கினார். பனியில் மல்லாந்து படுத்து, அரை மணி நேரம் முனகி, பின் சக்கரங்களில் ஏற்றிவிட்டார்.

“இது செயினும் இல்ல, செயின் இல்லாமலும் இல்ல. ஏறுறதுக்கு மட்டும் தாங்கும். முப்பதுக்கு மேல போகாதீங்க. டக் டக்னு சத்தம் வந்தா அந்த இடத்துலயே நிறுத்திடுங்க. இன்னொண்ணு, இந்த வண்டிக்குப் பின்பக்கம் லேசு. பாரம் இல்லன்னா செயின் பனியைப் பிடிக்காது. ஏதாவது மூட்டை இருக்கா?”

மூட்டை எதுவும் இல்லை. நஜ்லாவும் ரிஸ்கல்லாவும் ஒரே நேரத்தில் லோரிஸைப் பார்த்தார்கள்.

“முடியாது” என்றாள் லோரிஸ்.

அந்த வண்டியின் பின் இருக்கை மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. கைப்பை வைக்கலாம், குடை வைக்கலாம். லோரிஸ் நல்ல தேகவாகு உள்ளவள். முன் இருக்கையைச் சாய்த்து, தலையை முதலில் விட்டு, பிறகு அதை வெளியே எடுத்துக் காலை முதலில் விட்டு, கடைசியில் பக்கவாட்டில் நுழைத்தார்கள். ரிஸ்கல்லா கண்ணை மூடிக்கொண்டு தோளால் தள்ளினார். உள்ளே போனவள் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். அதோடு வண்டியின் பின்பக்கம் அப்படியே இரண்டு விரல் கீழே இறங்கிற்று.

ரிஸ்கல்லா குனிந்து பார்த்தார். “இப்ப சந்துக்குள்ள காகிதம்கூட நுழையாது. மட்கார்டு செயின்மேல உக்காந்துடுச்சு. தங்கச்சி, கொஞ்சம் இறங்குங்கம்மா.”

“இறங்கவா? என்னைப் பார்த்தா இறங்குற நிலைமையில இருக்கிற மாதிரியா தெரியுது?”

நிஜமாகவே அவளால் முடியவில்லை. இழுத்துப் பார்த்தார்கள். கோட்டுப் பொத்தான் ஒன்று மட்டும் வெளியே வந்தது.

“சரி, இப்படியே மெதுவா போங்க” என்றார் ரிஸ்கல்லா சோர்ந்துபோய். “வண்டி வழுக்கினா தானா வேகத்தைக் குறைக்கிற பொத்தான் ஒண்ணு இருக்கும். செயின் போட்டா அதை அணைச்சிடணும். எதுன்னு தெரியுமா?”

“எனக்குத் தெரியும்” என்றாள் நஜ்லா.

இருந்த பொத்தான்களில் பெரியதாக, சிவப்பாக இருந்ததை அழுத்தினாள். அது பந்தய வேகத்துக்கான பொத்தான். முன்னூறு குதிரைகளும் ஒன்றாகக் கனைத்தன. ரிஸ்கல்லா தன் சங்கிலிக் குவியலின் மேல் போய் உட்கார்ந்தார். எங்கோ ஒரு மரத்தின் பனி முழுக்கப் பொத்தென்று விழுந்தது.

“நல்லதுக்கா” என்றது பின்னாலிருந்து முழங்காலுக்குள் புதைந்த குரல். “ஊர்ல இருக்கிறவ இப்பவே வாசலுக்கு வந்திருப்பா.”

சாவடியில் கார்ப்பரல் இந்தத் தடவை நெடுநேரம் பார்த்தான். கம்பி முறுக்கிய சங்கிலியைப் பார்த்தான். பின் கண்ணாடியில் அப்பியிருந்த லோரிஸின் கன்னத்தைப் பார்த்தான். உறுமிக்கொண்டிருந்த எஞ்சினையும், சாயம் கலைந்த நஜ்லாவின் உதட்டையும் பார்த்தான்.

“யாரும்மா தவறினது?” ‘மேடம்’ இப்போது ‘அம்மா’ ஆகிவிட்டது.

“என் வீட்டுக்காரர். நாளைக்கு நாப்பது.”

“உங்களுக்கு ஆண்டவர் ஆயுசைக் கொடுக்கட்டும்.” தடையை உயர்த்தினான். “ரொம்ப நல்ல மனுஷரா இருந்திருக்கணும். இல்லன்னா இவ்வளவு கஷ்டப்பட்டு யாரு போவாங்க.”

நஜ்லா வாயைத் திறந்தாள். எனக்குத் தெரியும் என்று வழக்கம்போல் வரவில்லை. வண்டியை எடுத்தாள்.

முதல் வளைவு போயிற்று. இரண்டாவது போயிற்று. சங்கிலி கடகடவென்று பனியைக் கடித்துக்கொண்டு வந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தாக்குப் பக்கம் சுவரே இல்லை. பனி தள்ளுகிற இயந்திரம் அதையும் சேர்த்துத் தள்ளியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை, அதற்குக் கீழே வெகு ஆழத்தில் ஒரு தேவாலயத்தின் கூரை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பின்பக்கம் மெதுவாக, யாரையும் கேட்காமல், அந்தப் பக்கம் நகர்ந்தது.

“அக்கா!”

நஜ்லா ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. முழங்கால் இரண்டும் தானாக ஆடின. பல் கிட்டியது. இப்படி ஒரு பயத்தை அவள் பிரசவத்தில்கூட அனுபவித்ததில்லை.

அந்தப் பயத்துக்கு நடுவில்தான் அது தோன்றியது. இந்த மனிதர் கரப்பான்பூச்சிக்குப் பயப்படுவார். மாடிப்படியில் கைப்பிடியை விட மாட்டார். பல் பிடுங்கப் போனால் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் எட்டு வருடம், வாரா வாரம், தனியாக இந்த வளைவில் ஏறியிருக்கிறார் என்றால் மேலே இருந்தவள்மேல் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! தனக்காக இந்த மனிதர் ஒரு தடவையாவது ஒரு நாற்காலிமேலாவது ஏறியதுண்டா? கோபம் வந்தால் தேவலையே என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. பொறாமை மட்டும் வந்தது, அதுவும் ஏழைகள் விருந்தை வேடிக்கை பார்க்கிற பொறாமை.

டக்.

டக். டக். டக்டக்டக்டக்டக்.

கம்பி அறுந்து சங்கிலி மட்கார்டை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. நஜ்லா வண்டியை மலைச் சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு கிலோமீட்டர்.

“நான் நடக்கப் போறேன்” என்றாள்.

“இந்தச் செருப்புலயா? என்னை என்ன பண்றதா உத்தேசம்? என்னால மூக்கைக்கூடச் சொறிய முடியல!”

நஜ்லா இறங்கினாள். கணுக்கால்வரை பனியில் புதைந்தது. அப்போதுதான் வளைவின் அகலமான இடத்தில், பின்கதவு திறந்த ஒரு பழைய வேனும், அதில் ஆவி பறக்கும் காபி இயந்திரமும் கண்ணில் பட்டன. வேனுக்குப் பின்னாலிருந்து, கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், கையில் ஒரு கோப்பையோடு, பனியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தார்.

“வந்துட்டீங்களா! ஒரு மாசமா ஆளையே காணோமே, நான் என்னவோ ஏதோன்னு...”

ஃபர் கோட்டுக்குள் கறுப்பு உடையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. மறுபடி நஜ்லாவைப் பார்த்தார்.

“போயிட்டாரா?”

“நாளைக்கு நாப்பது” என்றாள் நஜ்லா.

அபு தன்னூஸ் என்கிற அந்தக் காபிக்காரர் பனி மேட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தார். கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நஜ்லா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாளில் அவளால் முடியாததை, முன்பின் தெரியாத ஒரு காபிக்காரர் இவ்வளவு சுலபமாகச் செய்கிறாரே, கொடுத்துவைத்தவர் என்று தோன்றியது.

“எவ்வளவு நாளா பழக்கம்?” என்று கேட்டாள்.

“எட்டு வருஷம். பனிக்காலத்துல வாரா வாரம்.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.” அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. “அவ யாரு?”

“எவம்மா?”

“மறைக்காதீங்க. நான் அவரோட பொண்டாட்டி. சண்டை போட வரல. சண்டை போடத்தான் வந்தேன், இப்ப தெம்பு இல்ல. பேரு மட்டும் சொல்லுங்க. இல்ல, எந்த வீடுன்னு சொல்லுங்க, நான் வாசலைப் பாத்துட்டுப் போயிடறேன்.”

கிழவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். “பொண்டாட்டியா? நீங்கதானா நஜ்லா?”

“ஆமா.”

“ஐயோ” என்றார் அவர். மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரும்மா. என் பேரப்பிள்ளைங்க தலைமேல அடிச்சு வாங்கியிருக்கார்.”

“கேளுக்கா, விடாதே!” என்று வண்டிக்குள்ளிருந்து லோரிஸ் கத்தினாள். “எஞ்சினை அணை, எனக்கு இங்க ஒண்ணும் கேக்கல!”

நஜ்லா கையை உள்ளே விட்டு எஞ்சினை அணைத்தாள். மலை முழுக்க ஒரேயடியாக அமைதியானது. அவள் திரும்பி வந்து, கோட் நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், கிழவர் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தாள். பிறகு, அறுபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள்.

“எனக்குத் தெரியாது பெரியவரே. எனக்கு ஒண்ணுமே தெரியாது. சொல்லுங்க. மேல அவர் எந்த வீட்டுக்குப் போவார்?”

அபு தன்னூஸ் பக்கத்தில் வைத்திருந்த கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“மேல எங்கம்மா போனார்? எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட இந்த வளைவைத் தாண்டினதில்ல. ‘கல்யாணமான புதுசுல என் நஜ்லா பனியில ஊர் வீட்டைப் பாக்கணும்னு கேட்டவ, அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு ஓட்டும்போது எனக்கு இப்படிக் கால் நடுங்கக் கூடாது, அடுத்த சனிக்கிழமைக்குள்ள பழகிடும்’னு சொல்லி, காபியைக் குடிச்சிட்டு இங்கேருந்தே இறங்கிடுவார்.”